நாலாவது கால்

பெஞ்சு ஆடியது. நடந்த தப்பு அவ்வளவுதான்.

டேப்பை உள்ளே வையுங்கள் தம்பி. அளவு பிறகு எடுக்கலாம். பெஞ்சு கிளப்பை விட்டு எங்கேயும் ஓடிவிடாது, தூக்கவே ஆறு பேர் வேண்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள். இதுவும் ஆடும். கொஞ்சமாக ஆடும்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். சிந்திவிட்டதா? துணி அங்கே கிடக்கிறது. மேசையைச் சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த மேசை. நாற்பது வருஷம் ஒழுங்காக நின்றது. இரண்டு வருஷமாக நான் எதை வைத்தாலும் சிந்துகிறது. என் வீட்டம்மா வைத்தால் சிந்துவதில்லை. அவள் மெதுவாக வைப்பாள், அதனால். இந்த வீட்டில் எல்லாமே ஆட ஆரம்பித்துவிட்டது. கட்டில்கூட.

சரி. உங்கள் ஊர் ரைபிள் கிளப்பிலும் இதே மாதிரி ஒரு பெஞ்சு வேண்டும். டிராயிங் வேண்டும். வடிவமைத்தவர் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். அதற்குத்தானே பஸ் ஏறி உடுமலை வரை வந்தீர்கள்? சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

நான் ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேஸ்திரி. முப்பத்தெட்டு வருஷம். பம்பு செட்டு எப்படி வார்க்க வேண்டுமோ, அதற்கு மரத்தில் அச்சுச் செய்து கொடுக்கிற வேலை. ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தப்பினால் ஐம்பது பம்பு குப்பை. என் கையில் ஒரு நூல் தப்பியதில்லை. ஒரு தடவை தவிர. அதற்கு வருகிறேன்.

துப்பாக்கி எண்பத்து மூன்றில் வாங்கியது. பாயிண்ட் டூ டூ ரைபிள். அதன் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாலு ஏழு ஒன்று ஒன்பது ஆறு. பேரன் பிறந்த நாள் கேட்டீர்கள் என்றால் வீட்டம்மாவைத்தான் கூப்பிட வேண்டும்.

குப்புறப் படுத்துச் சுடுகிறவன் நான். போன கார்த்திகையில் முழங்கால் ஆபரேஷன். படுக்கலாம் என்றார் டாக்டர். எழுந்திருக்க இரண்டு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் பெஞ்சு யோசனை. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து குறி பார்த்துச் சுடுவது. கிளப்புக்காகத்தான் யோசித்தேன். கிளப்பில் எனக்கு மூத்தவர் யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் கிளப்பில் ஒரு விதி. எழுபது தாண்டியவர் ஒவ்வொரு வருஷமும் வைகாசி கடைசி ஞாயிறு, கமிட்டி முன்னால், ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஒரு டீக்கடை கிளாஸைக் கவிழ்த்தால் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் கிளப் சர்டிபிகேட் தராது. சர்டிபிகேட் இல்லை என்றால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லை என்றால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வர வேண்டும்.

நல்ல விதி. நான்தான் எழுதினேன். அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது. சென்னியப்பன் என்று ஒரு பெரியவர் இருந்தார். கை நடுங்கும். கை நடுங்குகிறவருக்குத் துப்பாக்கி எதற்கு? எழுதினேன். முதல் வருஷமே அவர் கிளப்பை விட்டுப் போனார். போகும்போது என்னிடம் கை நீட்டினார். கொடுத்தேன். அந்தக் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக விதி சரி.

எனக்கு இந்தத் தையில் எழுபத்தொன்று. போன வருஷம் படுத்துக்கொண்டே தப்பித்தேன். கிளாஸ் விளிம்பில் ஒரு குண்டு. வாய் அகன்ற கிளாஸ் ஒன்று தேடிக் கொண்டுவந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

பெஞ்சுக்கு வருவோம்.

ஃபவுண்டரித் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். மேலே கடப்பைக் கல், மூன்று அங்குல கனம். வலது பக்கம் நீளமாகப் பின்னால் வரும், சுடுகிறவர் முழங்கையை ஊன்ற. இடது பக்கம் வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டில்தான் ஆள் உட்காருவார், நெஞ்சு கல்லில் இடிக்காது. கால் மூன்று. முன்னால் இரண்டு, பின்னால் வலது முழங்கைக்கு அடியில் ஒன்று. வார்ப்பிரும்பு.

ஏன் மூன்று? முக்காலி ஆடாது. எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் வைத்தாலும் மூன்று கால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாலு கால் வைத்தால் ஒன்று எப்போதும் சும்மா நிற்கும். எங்கள் மைதானம் ஒரு காலேஜ்காரர்களுடையது, வாடகைக்கு. எதையும் கட்டக் கூடாது என்று ஒப்பந்தம். பெஞ்சைக் காலையில் தூக்கி வைத்து, வெயில் ஏறியதும் தூக்கிக்கொண்டுபோய்த் தகரச் செட்டில் போட வேண்டும். தினம் ஒரு இடம், தினம் ஒரு மேடு. மூன்றுதான் சரி. மூன்று காலையும் ஒரே நாளில், ஒரே அச்சில் வார்த்தேன். பொங்கலுக்கு மறுவாரம் கமிட்டிக்குக் கொண்டுபோனேன்.

தலைவர் நாச்சிமுத்து. தென்னந்தோப்புக்காரர். நல்ல மனுஷன், சுடத் தெரியாது. பெஞ்சைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏனுங்கண்ணா, காலு மூணுதான் இருக்குதுங்க?"

"மூணுதான்."

"ஒண்ணு பின்னால வருதுங்களா?"

"வராது. மூணுதான்."

"மூணு ஆகாதுங்கண்ணா."

என்ன ஆகாது? கேட்டேன். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போக மாட்டோம், இலையில் மூன்று இட்லி வைக்க மாட்டோம், துப்பாக்கி வைக்கிற பெஞ்சுக்கு மட்டும் மூன்று காலா என்றார். அவருடைய சித்தப்பா மூன்று பேராகப் பெண் பார்க்கப் போனாராம்.

"போயி?"

"பொண்ணக் கட்டிட்டு வந்துட்டாருங்க. இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. "நாச்சிமுத்து, என்ற பேரு திருமூர்த்தி. மூணு சாமி சேந்தது. அக்கட்ட நிக்கிற மலையே அந்தப் பேருலதான் நிக்குது. அது விழுந்துருச்சா?"

"அது சாமிங்க. இது பெஞ்சு."

"உங்க ஊட்டு அடுப்புக்கு எத்தன கல்லு?"

"கேஸ் அடுப்புங்கண்ணா. நாலு பர்னரு."

ஓட்டுக்கு விட்டார்கள். கமிட்டியில் ஏழு பேர். மூன்று காலுக்கு மூன்று ஓட்டு. நாலு காலுக்கு நாலு ஓட்டு. "பாத்தீங்களா, நாலுதான் ஜெயிச்சுது. மூணு தோத்துப்போச்சு," என்றார் நாச்சிமுத்து. தீர்மானப் புத்தகத்தில் எழுதியே விட்டார்கள்: பெஞ்சுக்கு நான்கு கால்கள் இருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் காட்டுவேன்.

நாலாவது காலை எங்கே வைப்பது? இடது பின்பக்கம் கல்லே இல்லை, ஆள் உட்காருகிற வெட்டு. இல்லாத இடத்தில் கால். அதற்காக ஒரு இரும்புக் கையை நீட்டி, அதன் முனையில் காலை மாட்டினேன். சரியாக ஆளின் இரண்டு முழங்காலுக்கு நடுவில் வந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு காலை அணைத்துக்கொண்டு உட்காருவது மாதிரி இருக்கும். பார்த்திருப்பீர்கள். சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள்.

அந்தக் கால்தான் மற்ற மூன்றையும்விட ஒரு நூல் நீளம்.

அடியைக் கிரைண்டிங் பிடித்தது நான்தான். தனியாகத்தான் பிடித்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று ஊரெல்லாம் பேச்சு. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை தப்பியது, அது இந்தக் காலில் தப்பியது. நான் என்ன செய்ய முடியும்?

ஒரு நூலைத் தேய்த்துவிடலாமே என்று கேட்கப் போகிறீர்கள். எல்லாரும் கேட்டார்கள். வீட்டம்மாகூடக் கேட்டாள். நான் ஒரே பதில்தான் சொன்னேன். எடுத்தால் முழுக் காலையும் எடுப்பேன். ஒரு நூல் எடுக்க மாட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஆக, பெஞ்சு ஆடியது. மாசியில் ஆடியது, பங்குனியில் ஆடியது. முன்னால் சாய்ந்தால் பின்னால் எழும்பும். மூச்சு விட்டால் ஆடும். நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்தால் மட்டும் ஆடாது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்த பெஞ்சில் சுடுவது எப்படி?

அடைப்புக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மற்ற மூன்று காலுக்கு அடியில். நாச்சிமுத்து தேங்காய் ஓடு கொண்டுவந்தார், உடைந்தது. தேங்காய் நார் கொண்டுவந்தார், அமுங்கியது. மட்டை கொண்டுவந்தார். தென்னையில் இருக்கிற எல்லாம் கொண்டுவந்தார். இளநீர் மட்டும் எங்களுக்குக் கொடுத்தார்.

செயலாளர் ஒரு பல் டாக்டர், சகாயம். "ஆடறதை நிறுத்தறதுதான் சார் என் தொழிலே," என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னக் கிண்ணம், சின்னக் கரண்டியோடு வந்தார். பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவைக் கரைத்து, மண்டியிட்டு, மூன்று காலுக்கும் தனித்தனியாகச் செருப்பு மாதிரி கட்டினார். கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு அடியில் பார்த்தார். முடித்ததும், "ரெண்டு மணி நேரம் கடினமானது எதுவும் வேண்டாம்," என்றார். பழக்கதோஷம். செருப்பு அருமையாக நின்றது. வெயில் ஏறியதும் பெஞ்சைத் தூக்கிச் செட்டில் போட்டோம். மறுநாள் வேறு இடத்தில் வைத்தோம். செருப்பு முதல் நாள் மண்ணுக்குத் தைத்தது. மறுநாள் மண்ணுக்குப் பொருந்தவில்லை. மறுபடியும் ஆடியது.

வாஸ்து பார்க்கிறவர் ஒருவரும் வந்தார். அவரைப் பற்றிப் பேச மாட்டேன்.

சித்திரை போனது. நான் தினம் போனேன், தினம் சுட்டேன். குண்டு குறி அட்டையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடது, வலது என்று கோலம் போட்ட மாதிரி விழுந்தது. கிளாஸ் அல்ல, சோற்றுப் பானையைக் கவிழ்த்தாலும் அடங்காது. எல்லாம் பெஞ்சு. எல்லாம் நாலாவது கால். வீட்டுக்கு வந்து துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைப்பேன். துடைக்கும்போது வீட்டம்மா பேச மாட்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்: "ஸ்டேசன்ல குடுத்தா, அங்க எண்ணெ போடுவாங்களா?"

போட மாட்டார்கள். துரு பிடித்துவிடும். சென்னியப்பன் துப்பாக்கியை நான் ஒரு தடவை ஸ்டேஷனில் பார்த்தேன். மூலையில் குடையோடு சாத்தி வைத்திருந்தார்கள்.

வைகாசி கடைசி ஞாயிறு வந்தது. கமிட்டி ஏழு பேரும் வந்தார்கள். ஆறு பேர் பெஞ்சைத் தூக்கி வைத்தார்கள். ஆடியது. நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்க. இல்லாட்டி இந்த வருசம் விட்டுடலாம். யாரு கேக்கப் போறாங்க?"

"விதியில கடைசி ஞாயிறுன்னு இருக்குது."

"எழுதுனது நீங்கதானுங்களே. நீங்களே அடிச்சுடுங்க."

"சென்னியப்பனுக்கு அடிச்சனா?"

நாச்சிமுத்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரு கிளாஸ் வைத்திருந்தார். பார்த்தேன். லஸ்ஸி குடிக்கிற கிளாஸ். "டீ கிளாஸ் கொண்டு வாங்க," என்றேன். மாற்றினார்.

பழக்கத்துக்கு ஐந்து குண்டு சுடலாம், கணக்கில் சேராது. அதில் மூன்று சுட்டேன். ஒன்று மேலே. ஒன்று இடதுகோடி. ஒன்று அட்டையைத் தாங்குகிற கட்டையில். சகாயம் தொண்டையைக் கனைத்தார். பல் பிடுங்குவதற்கு முன்னால் அப்படித்தான் கனைப்பார் என்று நினைக்கிறேன்.

சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கொடி ஏற்றினால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அப்போதுதான் புல் வெட்டுகிற அம்மா அட்டைக்குப் போவாள். அவளைப் பற்றிச் சொல்லவில்லையா? எங்கள் மைதானத்தில் புல் வெட்டுவாள், காலித் தோட்டா பொறுக்குவாள், அட்டையில் குண்டு போட்ட ஓட்டையை மைதா பசையும் காகிதத் துண்டும் வைத்து ஒட்டுவாள். பதினைந்து வருஷமாக. நாங்கள் "ஏம்மா" என்போம். அவள் "ஏனுங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அன்றைக்கு அவள் அட்டைக்குப் போகவில்லை. பசை டப்பாவோடு நேரே பெஞ்சுக்கு வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தக் காலு பாரம் தாங்குதுங்களா, இல்ல எண்ணிக்கைக்குங்களா?"

"எண்ணிக்கைக்கு," என்றேன். கடுப்பாகத்தான் சொன்னேன், நாச்சிமுத்து காதில் விழட்டும் என்று.

"அப்பறம் எதுக்குங்க அது மண்ணத் தொடோணும்?"

நாச்சிமுத்துவைப் பார்த்தேன். அவர் சகாயத்தைப் பார்த்தார். சகாயம் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான்கு கால்கள் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. தொட வேண்டும் என்று இல்லை.

அவள் காத்திருக்கவில்லை. செட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள். "கொஞ்சம் எந்திரிங்க," என்றாள். எழுந்தேன். நாலாவது காலுக்கு அடியில் இரண்டு வெட்டு. மூன்றாவது வெட்டு வெட்டவில்லை. மண்ணைக் கையால் வாரி அந்தப் பக்கம் போட்டாள். ஒரு குழி, சோறு வடிக்கிற தட்டு அகலம்தான். கால் அந்தரத்தில் தொங்கியது.

பெஞ்சு நின்றது.

நான் கையை வைத்து அழுத்தினேன். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்தே பார்த்தார். மலை மாதிரி நின்றது. மூன்று காலில் நின்றது. என் டிராயிங். என் டிராயிங் அப்படியே. மாதக்கணக்காக எல்லாரும் அடியில் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தோம். எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"கட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம். தோண்டக் கூடாதுன்னு இல்லீங்க," என்றார் சகாயம். படித்தவர், சட்டம் பேசுவார்.

"காலு நாலு இருக்குதல்லங்க?" என்று அவள் நாச்சிமுத்துவைக் கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணினார். "இருக்குது," என்றார். திருப்தியாகத்தான் சொன்னார்.

பாக்கி இரண்டு பழக்கக் குண்டு. உட்கார்ந்தேன், சுட்டேன். கொடி ஏறியது. அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஐம்பது மீட்டர் நடந்து போய், ஐம்பது மீட்டர் நடந்து வந்தாள். அவசரமே இல்லை.

"மேலயும் கீழயும் போறது நின்னுபோச்சுங்க. குறுக்க போறது நிக்கல."

"என்ன குறுக்க?"

"ஒரு குண்டு இந்தக் கோடிங்க, ஒரு குண்டு அந்தக் கோடி. மேலயும் கீழயும் போனது பெஞ்சு. குறுக்க போறது பெஞ்சு இல்லீங்க."

"அப்ப என்ன?"

அவள் என் இடது கையைப் பார்த்தாள். நான் அந்தக் கையால் துப்பாக்கியை முன்னால் இறுக்கிப் பிடித்திருந்தேன். நாற்பது வருஷமாக அப்படித்தான் பிடிக்கிறேன்.

"யாரு ஓட்ட எதுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஒட்டறவ நானில்லீங்களா? டாக்டரய்யா ஓட்ட எல்லாம் கீழ உழுகும், கண்ண மூடிட்டுச் சுடுவாரு."

"நான் மூடறதில்ல," என்றார் சகாயம்.

"மூடறீங்க. சென்னியப்பய்யன் ஓட்ட இப்புடியேதானுங்க குறுக்க போவும். நான் வேலைக்கு வந்த புதுசு. கைய எடுத்துட்டா நேராப் போயிருமுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். என்னைய யாரும் கேக்கல."

"இன்னிக்கும் யாரும் கேக்கல," என்றேன்.

"அதனாலதானுங்க நானே வந்தேன். மணல் மூட்டதான் துப்பாக்கியப் புடிச்சுக்குதே? அது புடிக்கட்டும். நீங்க எதுக்குங்க கூடப் புடிக்கறீங்க? கைய மடியில வெச்சுக்குங்க. இந்த ஒரு வெரலு மட்டும் போதும்."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கையை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டேன். கை நடுங்குகிறது என்பதால் அல்ல. மூட்டை பிடிக்கும்போது நாமும் பிடிப்பது இரட்டை வேலை, அதனால். ஃபவுண்டரியில் எனக்கு இரட்டை வேலை பிடிக்காது.

ஐந்து குண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் டீ குடிக்கிற நேரம் விட்டேன். கை மடியில் என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. குறியைத்தான் பார்த்தேன். குறிக் கண்ணாடியின் குறுக்குக் கோடு அட்டைப் புள்ளியின்மேல் உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. அப்படி ஒன்று அசையாமல் இருந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

கொடி ஏறியது. எல்லாரும் நடந்தோம். என் முழங்காலுக்கு அந்த ஐம்பது மீட்டர் ஐந்து மைல். நாச்சிமுத்து கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். டீ கிளாஸ்தான், நான் பார்த்தேன். ஐந்தும் உள்ளே. ஓரத்தில் இடம் மிச்சம். சகாயம் கிளாஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார், எப்படி நகர்த்தினாலும் உள்ளேதான்.

சர்டிபிகேட் தந்தார்கள். துப்பாக்கி உள்ளே பீரோவில் இருக்கிறது. எண்ணெய் நான்தான் போடுகிறேன். மூடியைத் திறக்க மட்டும் வீட்டம்மா. மூடி இறுக்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு போனால் பெஞ்சில் பித்தளைப் பலகை. "வடிவமைப்பும் வழிகாட்டலும்: தலைவர் நாச்சிமுத்து." கேட்டேன். "நாலு காலு வெச்சதாலதானுங்கண்ணா அஞ்சும் உள்ள போச்சு. மூணு காலுல நீங்க சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க," என்றார். நினைத்துப் பார்த்தேன். அவரோடு பேசி என்ன ஆகப் போகிறது?

பலகையைப் பார்த்துப் பெயர் எழுதிவிடாதீர்கள், அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டிராயிங் இதோ. சாக்பீஸில் இருந்ததைக் காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் நெளிந்திருக்கும், இந்த மேசையில் வைத்துப் போட்டது. மூன்று கால். உங்கள் தலைவர் எண்ணுகிற ஆளாக இருந்தால் நாலு வையுங்கள், அடியில் குழி தோண்டுங்கள். குழி அளவும் போட்டிருக்கிறேன்.

சென்னியப்பன் வீட்டுக்கும் போனேன். பெஞ்சைப் பற்றிச் சொல்லலாம் என்று. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

கீழே பெயர் போட ஒரு கட்டம் விட்டிருக்கிறேன் பாருங்கள். முதலில் என் பெயரை எழுதினேன். பிறகு அழித்தேன். அழித்ததில் காகிதம் கிழிந்துவிட்டது, பின்னால் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதும் அவள்தான். மைதா பசை.

ஒட்டிய அன்றைக்குத்தான் கேட்டேன், "ஏம்மா, உன் பேரு என்ன?" என்று. சிரித்தாள். "துப்பாக்கி நம்பரு நாலு ஏழு ஒண்ணு ஒம்பது ஆறுன்னு எனக்கே மனப்பாடமாயிருச்சுங்க, அத்தன வாட்டி சொல்லீருக்கறீங்க. என்ற பேரு கேக்கப் பதினஞ்சு வருசமாச்சு," என்றாள். சிரிக்கிறதில் குறைச்சல் இல்லை. ஆனால் சொன்னாள்.

பேனா இருக்கிறதா? நீங்களே எழுதுங்கள், இந்த மேசையில் என் எழுத்து நேராக வராது. கால் மூன்றும் நான் என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள், போடாவிட்டாலும் சரி. கட்டத்துக்குள், பெரிய எழுத்தில், பெஞ்சை நிற்கவைத்தவர் என்று போட்டு, பக்கத்தில் எழுதுங்கள்:

மாராத்தாள்.